சுகர் மாத்திரையும் மணல் ஈயும்: பிளசன்டன் மருந்துத் துறைத் தமிழருக்கு ஒரு திறந்த மடல்

பிளசன்டனிலும் டப்ளினிலும் சான் ரமோனிலும் லிவர்மோரிலும் இருந்துகொண்டு மருந்து, நோயறிதல், மருத்துவத் தரவு ஆகிய துறைகளில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்களுக்கு,



நம்மில் அநேகர் வீட்டில் மெட்ஃபார்மின் இருக்கிறது. ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அம்மாவின் மாத்திரைப் பெட்டியில் இருக்கும். நாற்பதைத் தாண்டிய நம்முடைய பெட்டியிலும் இருக்கலாம். இந்தியாவில் நீரிழிவோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என்று ஐ.சி.எம்.ஆர். துணையோடு சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய கணக்கெடுப்பு 2023இல் சொன்னது. அவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் எழுதித் தரப்படுவது இந்த மாத்திரைதான். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது. இவ்வளவு மலிவாக, இவ்வளவு பேர் கையில், இவ்வளவு காலம் புழங்கிய மருந்து வேறு அதிகம் இல்லை. இந்த மருந்து ஒட்டுண்ணியால் வரும் ஒரு தோல் நோயை என்ன செய்யும் என்ற கேள்விக்குத்தான் இன்னும் உருப்படியான பதில் இல்லை. ஏன் இல்லை, அதில் நம்மால் ஆகக்கூடியது என்ன என்று சொல்லவே இந்த மடல்.

இந்தக் கேள்வி எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் வந்தது. வவுனியாவுக்குப் பக்கத்தில் வயல் செய்யும் என் சித்தப்பாவுக்கு முன்கையில் ஒரு புண். முதலில் நுளம்புக் கடி அளவுக்கு ஒரு மொட்டு. நோவும் இல்லை, சொறிவும் இல்லை. ஆகவே யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மாதக்கணக்கில் மெல்லப் பருத்து, நடுவில் குழி விழுந்து, விளிம்பு தடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே புண்ணின் விளிம்பைக் கீறிச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பூசி, கிம்சா சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் தெரிவது இதுதான்: நம் உடம்பின் காவல் செல்களான மேக்ரோஃபேஜ்களுக்குள் முட்டை வடிவத்தில் நெருக்கிக்கொண்டு கிடக்கும் சிறு உயிர்கள். ஒவ்வொன்றும் இரண்டு முதல் நான்கு மைக்ரான். ஒவ்வொன்றிலும் உருண்டையாக ஒரு நியூக்ளியஸ், அதன் அருகே சிறு கோடாக கைனெட்டோபிளாஸ்ட். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் லீஷ்மேனியா என்று முடிவு செய்யலாம்.

வாரம் ஒருமுறை புண்ணின் விளிம்பைச் சுற்றியே ஊசி. சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் என்ற ஆன்டிமனி மருந்து. வீங்கிய தோலுக்குள் மருந்தை ஏற்றும்போது வரும் வலியைப் பட்டவர்கள்தான் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்குப் பல வருடமாக நீரிழிவும் உண்டு. ஒரு நாள் கேட்டார்:

“பிள்ளை, நான் குடிக்கிற சீனி வருத்தக் குளிசை இந்தப் புண்ணையும் மாத்துமாம். வாட்ஸ்அப்பில வந்திருக்கு. உண்மையே? உண்மையெண்டால் இன்னும் ரெண்டு கூடப் போடட்டே? அந்த ஊசி தாங்கேலாமல் கிடக்கு.”

கூட ஒன்றும் போட வேண்டாம், ஊசியையும் விட வேண்டாம் சித்தப்பா என்றேன். காரணத்தை அவருக்குச் சுருக்கமாகச் சொன்னேன். உங்களுக்கு விரிவாகவே சொல்லலாம்.

இந்த ஒட்டுண்ணிக்கும் சென்னைக்கும் உள்ள தொடர்பு நூற்றாண்டைத் தாண்டியது. 1903இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் இருந்த சார்ல்ஸ் டோனவன் என்ற ஐரிஷ் மருத்துவர், நீடித்த காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி இறந்தவர்களின் மண்ணீரலில் இந்த உயிர்களைக் கண்டார். அதே ஆண்டு ஜூன் மாதம் உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த இரத்தத்திலும் கண்டார். கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் பணியாற்றி, நோயோடு இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் உடலில் தாம் கண்டதை வில்லியம் லீஷ்மன் சில வாரங்களுக்கு முன்புதான் வெளியிட்டிருந்தார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவனி என்று பெயர் வைத்தார். டோனவன் பிறகு ராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளர் ஆனார்.

பீகாரில் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய் ஆளைக் கொல்லும் காலா அசார் நோய்க்குக் காரணம் இதே டோனவனிதான். இலங்கையில் அதன் இன்னொரு வகை அநேகமாகத் தோலோடு நின்றுவிடுகிறது. அங்கேயே தொற்றியதாக உறுதியான முதல் நோயாளி 1992இல் பதிவானார். 2001க்குப் பிறகு வடக்கில் காட்டுமுகாம்களில் இருந்த படையினரிடம் பரவியது. 2008இல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை என்று வயலும் காடும் சந்திக்கும் இடமெல்லாம் இருக்கிறது. அண்மைக்காலத்தில் ஆண்டுக்கு மூவாயிரத்தைத் தாண்டியும் பதிவாகியிருக்கிறது. கேரளத்தில் அகத்தியமலைக் காட்டில் வாழும் காணி மக்களிடமும் இதே டோனவனி தோல் புண்ணாக வருவதைக் கண்டிருக்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் நம் திருநெல்வேலிச் சீமை.

பரப்புவது மணல் ஈ. மூன்று மில்லிமீட்டர்கூட இராது. ரீங்காரம் இல்லை, நுளம்புவலைக் கண்ணிக்குள் புகுந்துவிடும். ஈர மண்ணிலும் மாட்டுத் தொழுவத்து இடுக்கிலும் பெருகும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6 முதல் 10 லட்சம் பேருக்குப் புதிதாகத் தோல் லீஷ்மேனியா வருவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அமெரிக்காவிலும் இல்லாமலில்லை: டெக்சஸ் மாநிலத்தில் லீஷ்மேனியா மெக்சிகானா என்ற இனம் காட்டெலிகளிடம் வாழ்கிறது; வெளிநாட்டுக்கே போகாதவர்களுக்கும் அங்கே புண் வந்திருக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பியபின் ஆறாத, நோகாத புண் யாருக்காவது இருந்தால், எங்கெங்கே தங்கினோம் என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே சொல்லிவிட வேண்டும். பே ஏரியா மருத்துவருக்கு இந்தப் பெயர் முதலில் நினைவுக்கு வராது.

இனி மாத்திரைக்கு வருகிறேன்.

மெட்ஃபார்மினை முதலில் ஆய்வுக்கூடத்தில் செய்தது 1922இல், நம் பக்கத்து ஊர் டப்ளினில் அல்ல, அயர்லாந்து டப்ளினில், வெர்னரும் பெல்லும். அதன்பின் கிட்டத்தட்ட ஒரு தலைமுறைக்கு அது மருந்தாகப் பயன்படவில்லை. 1940களில் மலேரியாவுக்கு மருந்து தேடிய பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் புரோகுவானில் என்ற மருந்தைக் கண்டார்கள். அதுவும் மெட்ஃபார்மினும் ஒரே பைகுவனைடு குடும்பம். பிலிப்பைன்ஸில் யூசெபியோ கார்சியா என்ற மருத்துவர் மெட்ஃபார்மினைக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்து, சிலருக்கு இரத்தச் சர்க்கரை இறங்கியதாக எழுதினார். அதைப் படித்த பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன், 1957இல் நீரிழிவுக்கு அதைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கா அனுமதித்தது 1994 கடைசியில்தான். ஒட்டுண்ணிக்கு எதிரான தேடலும் சர்க்கரைக்கான தேடலும் இந்த மருந்தின் வரலாற்றில் ஆரம்பத்திலேயே உரசிக்கொண்டவை. ஆகவே, “இது ஒட்டுண்ணிக்குக் கேட்குமா” என்று கேட்பது ஒன்றும் அசட்டுக் கேள்வி அல்ல.

பதில்தான் சிக்கல். மெட்ஃபார்மின் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கூட்டுப்புரதத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. செல்லுக்குள் எரிசக்தி குறைந்ததாகத் தெரியவரும்போது ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்துக்கொள்கிறது. வரவு செலவு பார்த்துச் செலவைக் கட்டுப்படுத்தும் கணக்குப்பிள்ளை மாதிரி அது. சர்க்கரை நோயாளிக்கு அதனால் நன்மை. லீஷ்மேனியா குடியிருப்பதோ நம் மேக்ரோஃபேஜுக்குள். அந்தச் செல்லின் எரிசக்திக் கணக்கை மாற்றினால் யாருக்கு லாபம், செல்லுக்கா, உள்ளே இருப்பவனுக்கா?

2015இல் போர்ச்சுக்கல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை எனக்குக் கவலை தந்தது. டோனவனியின் நெருங்கிய உறவான லீஷ்மேனியா இன்ஃபாண்டம், தான் புகுந்த மேக்ரோஃபேஜில் இதே ஏ.எம்.பி.கே.யைத் தானே முடுக்கிவிட்டுப் பிழைக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். அந்த நொதி இல்லாத செல்லில் ஒட்டுண்ணி தடுமாறியது. அப்படியானால் ஏ.எம்.பி.கே.யை எழுப்பும் மாத்திரை, ஒட்டுண்ணி செய்யும் வேலையை அதற்குப் பதிலாகச் செய்து கொடுத்துவிடாதா? மறுபக்கம், ஆய்வுக்கூடத் தட்டில் மெட்ஃபார்மின் லீஷ்மேனியாவை அடக்குகிறது என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். அவற்றைப் படிக்கும்போது மருந்தின் அளவைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மாத்திரை விழுங்கியவரின் இரத்தத்தில் மெட்ஃபார்மின் பத்து மைக்ரோமோலார் சுமாருக்கே ஏறும். தட்டில் செய்யும் சோதனைகளில் மில்லிமோலார் கணக்கில் ஊற்றுவது சகஜம், அதாவது நூறு மடங்கும் அதற்கு மேலும். தட்டில் செத்த ஒட்டுண்ணி கையில் சாகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்தது, பலர் யோசிக்காத ஒரு சங்கதி. புண்ணை உண்டாக்குவது ஒட்டுண்ணி மட்டும் அல்ல. பிரேசிலின் பாகியா மாநிலத்தில் லீஷ்மேனியா பிரசிலியென்சிஸ் உண்டாக்கும் புண்களில் ஒட்டுண்ணியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு குறைவு. புண்ணைத் தோண்டுவது நம் நோயெதிர்ப்பின் ஆவேசம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டா நோவைஸ், ஃபிலிப் ஸ்காட் குழுவினர் பிரேசில் மருத்துவர்களோடு சேர்ந்து 2017இல் அதன் வழியைத் துலக்கினார்கள். கொல்லும் டி செல்கள், தொற்றிய செல்களை உடைக்கின்றன. உடைந்ததைக் கண்டு என்.எல்.ஆர்.பி.3 என்ற அழற்சிக் கூட்டுப்புரதம் முடுக்கிக்கொள்கிறது. அதிலிருந்து இன்டர்லூக்கின்-1 பீட்டா வெளியேறி, மேலும் செல்களைக் கூட்டிவந்து புண்ணைப் பெரிதாக்குகிறது. இந்தச் சங்கிலியை இடையில் அறுத்தபோது எலிகளுக்குப் புண் முற்றவில்லை.

அந்தச் சங்கிலியில் என்.எல்.ஆர்.பி.3 என்ற கண்ணியை அறுக்கும் தன்மை இன்னொரு சர்க்கரை மருந்துக்கு உண்டு என்பது 2009இலேயே தெரிந்துவிட்டது. கிளிபென்கிளமைடு, ஊரில் டயோனில் என்று கேட்டு வாங்குவோமே, அதுதான். அப்படியென்றால் டயோனிலைப் புண்ணுக்குக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அழற்சியைத் தடுக்க ஆய்வுக்கூடத்தில் தேவைப்பட்ட அளவு, சர்க்கரைக்குத் தரும் அளவைவிட மிக அதிகம். நீரிழிவு இல்லாத ஒருவருக்கு அவ்வளவு கொடுத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயங்கி விழுவார். வழி தெரிந்திருக்கிறது, வாகனம் சரியில்லை. மெட்ஃபார்மினைத் தனியாகப் போட்டாலோ சர்க்கரை அப்படி விழுவதில்லை. அழற்சியையும் கொஞ்சம் தணிக்கிறது. என் கண் அதன்மேல் இருப்பது அதனால்தான்.

இதற்குச் சான்று கேட்டால் நான் காட்டுவது சென்னையை. சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தை நம்மில் பலர் அறிவோம். 2014இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள், மெட்ஃபார்மின் எலிகளில் காசநோய்க் கிருமியை ஒடுக்க உதவுகிறது என்று எழுதியதும் உலகமெங்கும் பேச்சானது. சென்னை நிறுவனம் பேச்சோடு விடாமல் செய்து பார்த்தது. நீரிழிவு இல்லாத 322 காசநோயாளிகளை எடுத்து, ஒரு பாதிக்கு வழக்கமான மருந்து, மறு பாதிக்கு அதோடு மெட்ஃபார்மின். மெட்ரிஃப் என்று பெயர். கிருமி சளியிலிருந்து சீக்கிரம் மறைந்ததா என்றால், இல்லை. ஆனால் மிகை அழற்சி தணிந்தது, எக்ஸ்ரேயில் நுரையீரல் வேகமாகத் தெளிந்தது. எலி சொன்னது ஒன்று, மனித உடம்பு சொன்னது வேறொன்று; அந்த வேறொன்றும் பயனுள்ளதே. கொல்வது வேறு, காயத்தை ஆற்றுவது வேறு என்பதை ஒழுங்கான ஒரு சோதனையால் பிரித்துக் காட்டினார்கள். லீஷ்மேனியாவுக்கு இப்படி ஒன்று வேண்டும் என்பதே என் கட்சி.

சோதனை இல்லாமல் பழைய பதிவேடுகளை அலசினால் போதாதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நான் தினமும் செய்யும் வேலையே மருந்துச் சோதனைத் தரவுகளுக்கு நிரல் எழுதுவது. அதனால் சொல்கிறேன், மெட்ஃபார்மின் விஷயத்தில் பதிவேடு நம்மை ஏற்கெனவே ஒருமுறை ஏமாற்றியிருக்கிறது. மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று பதிவேட்டு ஆய்வுகள் வரிசையாக வந்தன. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் தரமாட்டார்கள். நோய் முற்றினவர்கள் இன்சுலினுக்கு மாற்றப்பட்டிருப்பார்கள். ஆக, மெட்ஃபார்மின் பட்டியலில் மிஞ்சுபவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள். போதாததற்கு, மருந்து தொடங்கும் நாள்வரை உயிரோடிருந்ததையும் மருந்தின் சாதனையாக எண்ணிவிடும் பிழை வேறு. கடைசியில் 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளைக் கொண்டு சீட்டுக் குலுக்கல் முறையில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2022இல் அச்சானது. பயன் இல்லை. புண் ஆறிய நாளையும் மாத்திரை பெயரையும் வைத்து வவுனியாவில் ஒரு அட்டவணை போட்டால் அதே பள்ளத்தில்தான் விழுவோம்.

நீரிழிவு உள்ளவர்களின் புண்ணே வேறு மாதிரி இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. பாகியாவில் பார்த்திருக்கிறார்கள்: நீரிழிவுள்ள சிலரிடம் புண் வழக்கமான வட்டக் குழியாக வராமல், மேலோட்டமாகப் படர்ந்து வந்தது, அழற்சிப் புரதங்களும் கூடுதலாக இருந்தன. சர்க்கரையின் வேலை எது, மாத்திரையின் வேலை எது என்று பிரிக்க வேண்டுமானால், நீரிழிவு இல்லாதவர்களையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

சித்தப்பாவிடம் நான் சொன்ன காரணம் இதெல்லாம் அல்ல. அவரிடம் சிறுநீரகத்தைப் பற்றித்தான் பேசினேன். மெதவாச்சி, பதவியா, வவுனியா என்று வடமத்திய இலங்கையிலும் அதை ஒட்டியும், காரணம் இன்னதென்று உறுதிப்படாத சிறுநீரக நோய் 1990களிலிருந்து விவசாயிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. மணல் ஈ கடிக்கும் அதே வயல், அதே வயதினர். மெட்ஃபார்மின் உடம்பை விட்டு வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே. வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போனவர்களுக்கு அதைத் தரவே கூடாது. தங்கினால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து. வாட்ஸ்அப்பைப் பார்த்து இரண்டு மாத்திரை கூடப் போட்டுக்கொள்ளும் ஒரு விவசாயிக்குத் தன் கிரியாட்டினின் எவ்வளவு என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

லீஷ்மேனியாவுக்கான மருந்துகளும் இதில் கைகோர்க்கும். ஆம்ஃபோடெரிசின்-பி சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியது. அதை ஏற்றும் நாட்களில் மெட்ஃபார்மினை என்ன செய்வது என்று மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். பென்டமிடைன் கணையத்தின் இன்சுலின் செல்களையே அழிக்கக்கூடியது. பீகாரில் காலா அசாருக்காக அதைப் போட்டவர்களில் சிலர், காய்ச்சல் போய் ஆயுள் முழுக்க நீரிழிவோடு வீடு திரும்பினார்கள். அழற்சியை மட்டும் தணித்து ஒட்டுண்ணியை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது. இலங்கையில் அரிதாக உள்ளுறுப்புகளுக்குப் போன நோயாளிகளும் உண்டு. ஆகவே மெட்ஃபார்மினைச் சோதிப்பதாக இருந்தால், ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்தோடு சேர்த்தே சோதிக்க வேண்டும். தனியாக ஒருபோதும் கூடாது.

எனக்குத் தெரிந்தவரை இப்படி ஒரு சோதனையை யாரும் செய்யவில்லை. ஏன்? பணம்தான். அதுவும் நம் வட்டாரத்துப் பணத்தின் கதை.

2007இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. கைவிடப்பட்ட வெப்பமண்டல நோய்க்குப் புது மருந்து கொண்டுவருபவருக்கு ஒரு சீட்டு. அதைக் காட்டினால் வேறொரு மருந்தின் விண்ணப்பத்தை அரசு முன்னுரிமை கொடுத்துப் பார்க்கும். சீட்டை விற்கவும் செய்யலாம். லீஷ்மேனியாவுக்கான மில்டெஃபோசின் 2014 மார்ச்சில் இங்கே அனுமதி பெற்றது. அது இந்தியாவில் 2002 முதலே புழங்கிய மருந்து. சீட்டைப் பெற்ற நைட் தெரபியூடிக்ஸ் அதே ஆண்டு நவம்பரில் விற்றது, வாங்கியது ஃபாஸ்டர் சிட்டியில் இருக்கும் கிலியட், விலை 12.5 கோடி டாலர். பாலத்தைத் தாண்டினால் ஃபாஸ்டர் சிட்டி. நம்மில் பலர் தினமும் போய்வரும் வழி. மருந்து நோயாளி கைக்கு எட்டும் விலையில் கிடைக்க இந்தச் சட்டம் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அப்போதே கண்டித்தது. கிலியட் பக்கமும் சொல்ல வேண்டும்: ஆம்பிசோம் என்ற தன் ஆம்ஃபோடெரிசின்-பி மருந்தை உலக சுகாதார நிறுவனம் வழியாகக் காலா அசார் நோயாளிகளுக்கு லட்சக்கணக்கான குப்பிகள் இலவசமாகக் கொடுத்திருக்கிறது.

மெட்ஃபார்மினுக்கு அந்தச் சீட்டு கிடைக்காது. ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்துப் பொருள் எதற்கும் இல்லை என்று சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது. காப்புரிமை போய்ப் பல காலம் ஆகிறது. அது வவுனியாவில் ஒரு புண்ணை ஒரு மாதம் முன்னதாக ஆற்றினாலும் எந்த நிறுவனத்துக்கும் ஒரு காசு வரவு இல்லை. மருந்து மலிவாக இருப்பதே அதைச் சோதிப்பாரில்லாமல் செய்துவிட்டது. இந்த அநியாயத்தை மருந்துத் துறைக்குள் இருந்துகொண்டு நாம் இயல்பு என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

மாற்று வழியும் நம் வட்டாரத்தில்தான் பிறந்தது. எஃப்.டி.ஏ.விலும் ஜெனென்டெக்கிலும் வேலை பார்த்த விக்டோரியா ஹேல், 2000ஆம் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒன்வேர்ல்ட் ஹெல்த் என்ற இலாப நோக்கற்ற மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் கையில் எடுத்தது புது மூலக்கூறு அல்ல. காப்புரிமை காலாவதியாகி அலமாரியில் கிடந்த பாரோமோமைசின் என்ற பழைய ஆன்டிபயாடிக். கேட்ஸ் அறக்கட்டளையின் பணம், பீகார் மருத்துவர்களின் உழைப்பு, 667 நோயாளிகள் கொண்ட மூன்றாம் கட்டச் சோதனை. 2006இல் இந்திய அரசு அதைக் காலா அசாருக்கு அனுமதித்தது. பழைய மருந்து, ஏழை நோய், இலாபம் கிடையாது, இருந்தும் நடந்தது. செய்து முடித்தவர்கள் நம்மைப் போலவே நெறிமுறை ஆவணம் எழுதவும் தரவைச் சரிபார்க்கவும் தெரிந்தவர்கள்தான்.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். பி.சி.ஆர். சோதனைகள் செய்யும் ரோஷ் மொலிக்குலர் பிளசன்டனில் இருக்கிறது. ஒரு புண்ணின் திசுவில் எந்தச் செல் எந்த மரபணுவை இயக்குகிறது என்று செல் செல்லாகப் படிக்கும் கருவி செய்யும் 10எக்ஸ் ஜீனோமிக்ஸின் தலைமையகம் இங்கே. மருந்துச் சோதனைகளுக்கான மென்பொருள்களைச் செய்யும் துறையில் பெரிய பெயரான வீவாவின் தலைமையகமும் இங்கே. இவற்றிலும் இன்னும் சின்னச் சின்ன நிறுவனங்களிலும் நாம் இருக்கிறோம். அந்த நிறுவனங்களை இதில் இழுக்கச் சொல்லவில்லை. நம் தலையில் இருக்கும் தொழிலறிவைத்தான் கேட்கிறேன்.

முன்னின்று நடத்த வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஒட்டுண்ணியியல் துறை இந்த நோயை நெடுங்காலமாக ஆய்ந்துவருகிறது. அனுராதபுரத்தில் ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் நோயின் நடுவிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் உண்டு. கலிஃபோர்னியாவிலிருந்து போய் யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர்கள் அழைத்தால் தோள் கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவே. சோதனைக்கு முந்தைய அலுப்பான வேலை ஒரு மலை: எத்தனை பேர் தேவை என்ற கணக்கு, சீட்டுக் குலுக்கும் ஏற்பாடு, படிவங்கள், பாதுகாப்புக் குழுவுக்கான அறிக்கைகள். பணக்கார நாட்டில் இதற்கே பெருந்தொகை போகிறது. நாம் வார இறுதிகளில் செய்து கொடுக்கலாம்.

முதல் படி அதைவிடச் சிறியது. தோல் லீஷ்மேனியா கிளினிக்கில் பதியும் படிவத்தில் நீரிழிவு உண்டா, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எப்போதிலிருந்து, எச்.பி.ஏ.1.சி. எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்ற கட்டங்கள் எப்போதும் இருக்க வேண்டும். அவற்றை நிரப்பினால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடாது. ஏன் என்று மேலே சொன்னேன். ஆனால் சோதனைக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள், அவர்களில் எத்தனை பேரின் சிறுநீரகம் மெட்ஃபார்மினைத் தாங்கும் என்று தெரியும். அது தெரியாமல் எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்பாது, ஒப்பவும் கூடாது.

அப்படி ஒரு படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் அடங்கும்படி நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கிராம ஆஸ்பத்திரித் தாதி நின்றபடியே நிரப்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தரவுப் பக்கத்தை நானும் என் சக நிரலாளர்களும் பார்த்துக்கொள்வோம். புண்ணின் அளவை எந்த இரண்டு கோணத்தில் எடுப்பது, ஆறியது என்று எந்த நிலையில் குறிப்பது, தழும்பை எப்படி மதிப்பிடுவது என்பதற்குத் தோல் மருத்துவர் ஒருவர் வேண்டும். மெட்ஃபார்மினை எந்தக் கட்டத்தில் நிறுத்தச் சொல்வது என்று வரையறுக்கச் சிறுநீரக மருத்துவர் ஒருவர் வேண்டும். சிங்களம் நன்றாக எழுதத் தெரிந்தவரும் வேண்டும். உங்களில் அல்லது உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், லிவர்மோர் கோயிலில் கண்டாலும் சரி, தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது கண்டாலும் சரி, என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறைத் தோழி,
பிளசன்டன்